ஓடுற கன்டெய்னரை அப்படியே உறைய வெச்சு மறுபடி எழுப்புறது எப்படி

ஒரு ப்ரோக்ராமை அதுக்கு வேண்டிய ஃபைல் எல்லாத்தோடயும் தனி பெட்டியா, அதாவது கன்டெய்னரா, ஓட்டுற டூல் தான் டாக்கர். அதுல கமிட் போட்டா கன்டெய்னரோட ஸ்டேட் முழுசா சேவ் ஆயிடும்னு இன்னமும் நிறைய பேர் நம்பிட்டு இருக்காங்க. ஆகாது. கமிட்ல போறது டிஸ்க்ல எழுதுன மாற்றம் மட்டும்தான், மெமரில என்ன இருந்துச்சு, ப்ரோக்ராம் எந்த வரில நின்னுச்சு, எந்த சாக்கெட் தொறந்திருந்துச்சு, இதெல்லாம் அதுல துளியும் வராது. சேவ்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது இமேஜை டார் ஃபைலா கட்டும். எக்ஸ்போர்ட்னு இன்னொண்ணு, அது ஃபைல் சிஸ்டத்தை மட்டும் வெளிய எடுக்கும். பாஸ் போட்டா ப்ராசஸ் உறைஞ்சு நிக்கும், மெமரி அப்படியே இருக்கும், ஆனா அந்த மெமரி ரேம்லயே தான் கிடக்கும், மெஷினை ரீபூட் பண்ணிட்டா போச்சு.

நமக்கு வேண்டியது செக்பாயின்ட். ஓடிட்டு இருக்குற ப்ராசஸை நடுவுல நிறுத்தி, அதோட மெமரி, ரெஜிஸ்டர், தொறந்த ஃபைல், டைமர், சிக்னல் எல்லாத்தையும் டிஸ்க்ல எழுதி வெச்சுட்டு, அப்புறமா அதே மெஷின்லயோ வேற மெஷின்லயோ விட்ட இடத்துல இருந்து ஓட வைக்கிறது. லினக்ஸ்ல இந்த வேலையை செய்றது க்ரியுனு (சி-ஆர்-ஐ-யு) ஒரு டூல். கன்டெய்னர் ஓட்டுற பாட்மேன், டாக்கர், எல்எக்ஸ்சி, பல மெஷின்ல கன்டெய்னரை நிர்வகிக்கிற குபர்னெட்டிஸ், எது வழியா போனாலும் கடைசில அடியில உக்காந்து வேலை பாக்குறது இதேதான், அதனால க்ரியுவை புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் வெறும் ஆப்ஷன் பேரு தான்.

இது எதுக்கு ஆகும்னா, கெர்னல் (லினக்ஸோட மையப்பகுதி) அப்டேட்டுக்காக சர்வரை ரீபூட் பண்ணணும் ஆனா உள்ள இருக்குற ஆப் கேஷ் சூடாக அரை மணி நேரம் எடுக்கும்ங்கிற மாதிரி இடத்துக்கு ரொம்ப நல்லா ஆகும். ஸ்டார்ட் ஆகவே நேரம் எடுக்குற ஜாவா ஆப்பை ஒரு தடவை சூடு பண்ணி அந்த நிலையில இருந்து பல காப்பி எழுப்பவும் ஆகும். ப்ரொடக்ஷன்ல ஏதோ ஒரு கன்டெய்னர் விசித்திரமா நடந்துக்குது, அதை நிறுத்தாம அப்படியே ஒரு பிரதி எடுத்து தனியா உக்காந்து நோண்டணும்னாலும் இதுதான் வழி. கூகுள் தன்னோட போர்க்ங்கிற க்ளஸ்டர் நிர்வாக சிஸ்டம்ல, பின்னணில மொத்தமா ஓடுற வேலைகளை மெஷின் விட்டு மெஷின் நகர்த்த க்ரியுவை யூஸ் பண்றதா 2018ல லினக்ஸ் ப்ளம்பர்ஸ் கான்ஃபரன்ஸ்ல பேசுனாங்க. ஆனா டேட்டாபேஸ் பேக்கப்புக்கு மட்டும் இதை நம்பாதீங்க ப்ளீஸ், போஸ்ட்கிரெஸுக்கு அதோட சொந்த டம்ப் இருக்கு, அதை விட்டுட்டு மெமரியை உறைய வெச்சு பேக்கப்னு சொல்றது வம்பை விலை கொடுத்து வாங்குற வேலை.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். கமாண்டையும் ஆப்ஷனையும் இங்க உச்சரிப்புப்படி தமிழ் எழுத்துல தான் எழுதியிருக்கேன், டெர்மினல்ல வழக்கமான ஸ்பெல்லிங்ல அடிச்சுக்கோங்க, சந்தேகம்னா ஹெல்ப் போட்டு பாத்தா லிஸ்ட் வந்துடும்.

உள்ள என்ன நடக்குது

இதை ஸ்கிப் பண்ணிட்டு நேரா கமாண்டுக்கு போகலாம், ஆனா எரர் வரும்போது திரும்ப இங்க தான் வந்து நிப்பீங்க, அதனால ஒரு பார்வை பாத்துடுங்க.

ஆரம்பத்துல இந்த வேலை முழுசையும் கெர்னலுக்குள்ளயே பண்ணணும்னு ஓரன் லாடன்னு ஒருத்தர் தலைமையில ஒரு முயற்சி நடந்துச்சு, 2010ல அந்த பேட்ச் (கோட் மாற்றம்) வரிசை நூறை நெருங்கிடுச்சு, கெர்னல்ல எல்லா மூலையையும் தொட வேண்டியிருந்ததால யாரும் அதை உள்ள சேர்க்க ஒத்துக்கல. 2011ல ஓப்பன்விஇசட்ங்கிற கன்டெய்னர் ப்ராஜெக்ட் பக்கத்துல இருந்த பாவெல் எமெலியானோவ் தலைகீழா யோசிச்சார், முடிஞ்ச வரைக்கும் எல்லாத்தையும் யூசர்ஸ்பேஸ்லயே (கெர்னலுக்கு வெளிய) பண்ணிடலாம், முடியாத இடத்துக்கு மட்டும் கெர்னல்கிட்ட சின்ன சின்னதா உதவி கேக்கலாம்னு. அதுதான் க்ரியு. 2013 செப்டம்பர்ல வந்த 3.11 கெர்னல்ல அடிப்படையா வேண்டியதெல்லாம் வந்துடுச்சு, அந்த வருஷ கடைசிலயே க்ரியு 1.0 வந்துச்சு.

செக்பாயின்ட் போட்டதும் முதல்ல கன்டெய்னர்ல இருக்குற எல்லா ப்ராசஸையும் ஃப்ரீசர் சிகுரூப்ங்கிற கெர்னல் வசதி வழியா உறைய வைக்குது. அப்புறம் ப்ராசஸ் விவரத்தை கெர்னல் காட்டுற ப்ராக் ஃபைல் சிஸ்டத்துல இருந்து மெமரி மேப், ஃபைல் டிஸ்கிரிப்டர் (தொறந்த ஃபைலோட நம்பர்), மவுண்ட் இதெல்லாம் படிக்குது. ஆனா சில விஷயம் வெளிய இருந்து பாத்தா தெரியாது, அந்த ப்ராசஸே சொன்னா தான் உண்டு. அதுக்கு என்ன பண்ணுதுன்னா, பிட்ரேஸ்ங்கிற டீபக் வசதி வழியா அந்த ப்ராசஸுக்குள்ள ஒரு குட்டி கோடை நுழைக்குது, அதுக்கு பேரே பாராசைட் கோட். ஒட்டுண்ணி தான். அது உள்ள உக்காந்து மெமரி பேஜை எல்லாம் பைப் வழியா வெளிய தள்ளிட்டு, வேலை முடிஞ்சதும் தடம் தெரியாம வெளிய வந்துடும், ப்ராசஸுக்கு இப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது. எனக்கு இந்த டிசைன்லயே ரொம்ப பிடிச்ச இடம் இதுதான்.

ரீஸ்டோர் பண்ணும்போது க்ரியுவே ஃபோர்க் ஆகி ஃபோர்க் ஆகி (தன்னையே பிரதி எடுத்து) பழைய ப்ராசஸ் மரத்தை அதே பிஐடியோட (ப்ராசஸ் நம்பர்) கட்டி, ஃபைல் எல்லாம் தொறந்து, கடைசில தன்னோட மெமரியை கழட்டி போட்டுட்டு பழைய ப்ராசஸோட மெமரியை மாட்டிக்கும். அதே பிஐடி வேணும்ங்கிறது தனி ப்ராசஸுக்கு பெரிய தலைவலி, ஏன்னா அந்த நம்பரை அதுக்குள்ள வேற யாராவது எடுத்திருக்கலாம், கன்டெய்னருக்கு தனி பிஐடி நேம்ஸ்பேஸ், அதாவது தனக்குன்னு தனி நம்பர் வரிசை, இருக்கறதால அந்த பிரச்சனை இல்ல. கன்டெய்னர்ல செக்பாயின்ட் சுலபமா இருக்கறதுக்கு பாதி காரணம் இதுதான்.

டிஸ்க்ல என்ன சைஸ் வரும்னு கேப்பீங்க. ப்ராசஸ் தானா எழுதுன மெமரி எவ்வளவோ அவ்வளவு. டிஸ்க்ல இருந்து லோடாகி மாறாம கிடக்குற லைப்ரரி பேஜ் எல்லாம் டம்ப்ல வராது, ஆனா 8 ஜிபி ஹீப்பை (ஆப்போட வேலை மெமரி) முழுசா தொட்டுட்ட ஜாவா ஆப்னா 8 ஜிபி கிட்ட வரும்னு எதிர்பார்த்து டிஸ்க்ல இடம் வெச்சுக்கோங்க.

செட்டப்

என்னோட சாய்ஸ் பாட்மேன் தான், டாக்கர்ல இந்த வசதி 2017 ஜனவரில 1.13 வெர்ஷன்ல வந்ததுல இருந்து எக்ஸ்பெரிமென்டல் லேபிளோடயே நிக்குது. பாட்மேன்ல ரெட் ஹாட்டோட ஏட்ரியன் ரீபர் 2018ல இருந்து இதை சேர்த்து வளர்த்துட்டு வர்றார், க்ரியு பக்கமும் அவர் இருக்கறதால ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு நல்லா ஒத்துப்போகுது.

ஃபெடோரா, ரெட் ஹாட் குடும்பம்னா டிஎன்எஃப்ல க்ரியு நேரா கிடைக்கும். உபுண்டு, டெபியன்ல சில ரிலீஸ்ல ரெப்போல பேக்கேஜே இருக்காது, உபுண்டுக்கு க்ரியு டீமோட பிபிஏ (தனி பேக்கேஜ் ரெப்போ) சேர்த்துக்கோங்க. இன்ஸ்டால் ஆனதும் முதல் வேலை:

சுடோ க்ரியு செக்

கெர்னல் ஒத்துழைச்சா லுக்ஸ் குட்னு ஒரு வரி வரும். வரலைன்னா அதுலயே எந்த கெர்னல் வசதி இல்லைனு சொல்லும், அதை சரி பண்ணாம மேல போறதுல அர்த்தமே இல்ல. சின்ன விபிஎஸ் கம்பெனிங்க கொடுக்குற பழைய கெர்னல்ல தான் இது பெரும்பாலும் மாட்டும்.

சுடோ ஏன்னா பாட்மேன்ல ரூட்லெஸ் (ரூட் உரிமை இல்லாம ஓட்டுற) கன்டெய்னருக்கு செக்பாயின்ட் கிடையாது. லினக்ஸ் 5.9ல இதுக்குன்னே தனியா ஒரு கேப்பபிலிட்டி (குறிப்பிட்ட உரிமை) வந்தது உண்மைதான், ஆனா பாட்மேன் இன்னும் ரூட் தான் கேக்குது. ரூட்லெஸ்ல உருவாக்குன கன்டெய்னர் சுடோ போட்டா லிஸ்ட்லயே வராது, ரெண்டும் வேற வேற ஸ்டோரேஜ், அதனால ஆரம்பத்துலயே சுடோ பாட்மேன்னு உருவாக்கணும்.

முதல் ட்ரையல்

பிஸிபாக்ஸ்ங்கிற குட்டி லினக்ஸ் இமேஜ் எடுத்து கவுண்டர்னு பேர் வெச்சு, மைனஸ் டி (டிடாச்) போட்டு பேக்ரவுண்ட்ல ஒரு ஷெல் லூப் ஓட விடுங்க. லூப் சிம்பிள், ஒரு வேரியபிள் 0ல ஆரம்பிச்சு ப்ரின்ட் பண்ணும், ஒண்ணு கூட்டும், ஒரு செகண்ட் தூங்கும், திரும்ப. இந்த நம்பர் எந்த ஃபைல்லயும் எழுதப்படல, ஷெல்லோட மெமரில மட்டும்தான் இருக்கு, அதனால தான் இது நல்ல டெஸ்ட். அந்த டிடாச் கூட --டிட்டிஒய் சேர்த்துடாதீங்க, வெளிய இருக்குற டெர்மினலோட ஒட்டிக்கிட்ட கன்டெய்னரை உறைய வைக்கிறது பல இடத்துல மாட்டும்.

கொஞ்ச நேரம் ஓட விட்டு பாட்மேன் லாக்ஸ் பாருங்க, 47 வரைக்கும் வந்திருக்குன்னு வெச்சுக்குவோம். இப்போ:

சுடோ பாட்மேன் கன்டெய்னர் செக்பாயின்ட் கவுண்டர்

கன்டெய்னர் நின்னுடும், பாட்மேன் பிஎஸ்ல மைனஸ் ஏ போட்டா எக்ஸிட் ஆனதா காட்டும். டீ குடிச்சுட்டு வந்து:

சுடோ பாட்மேன் கன்டெய்னர் ரீஸ்டோர் கவுண்டர்

லாக்ஸ் திரும்ப பாருங்க. 48ல இருந்து போகும். 0ல இருந்து வந்துச்சுன்னா நீங்க ரீஸ்டோருக்கு பதிலா ஸ்டார்ட் அடிச்சிருக்கீங்க, ஸ்டார்ட் புதுசா தான் ஆரம்பிக்கும். நிறுத்தாம பிரதி மட்டும் எடுக்கணும்னா --லீவ்-ரன்னிங் சேருங்க, ஒரு நொடி உறைஞ்சு மறுபடி தானா ஓட ஆரம்பிச்சுடும்.

எவ்வளவு நேரம் உறைஞ்சு நின்னுச்சுன்னு தெரியணும்னா --ப்ரின்ட்-ஸ்டாட்ஸ் போடுங்க, ஒரு ஜேசன் துண்டு வரும், அதுல ஃப்ரோசன் டைம்னு இருக்குற நம்பர் தான் உங்க யூசர் உணரப்போற தடங்கல். மைக்ரோசெகண்ட்ல இருக்கும், 1,00,000னா பத்துல ஒரு பங்கு செகண்ட், பாத்து பயந்துடாதீங்க.

வேற மெஷினுக்கு கொண்டு போறது

இங்க தான் சுவாரசியமே. ஃபைலா வெளிய எடுக்க:

சுடோ பாட்மேன் கன்டெய்னர் செக்பாயின்ட் --எக்ஸ்போர்ட் /டெம்ப்/கவுண்டர்.டார்.இசட்எஸ்டி கவுண்டர்

இந்த டார்க்குள்ள மெமரி டம்ப் மட்டும் இல்ல, கன்டெய்னரோட ரைட்டபிள் லேயர்ல நடந்த மாற்றமும் நேம்ட் வால்யூமும் சேர்ந்தே வரும். வால்யூம் வேண்டாம்னா --இக்னோர்-வால்யூம்ஸ், ஃபைல் மாற்றம் வேண்டாம்னா --இக்னோர்-ரூட்எஃப்எஸ். ஹோஸ்ட்ல இருந்து பைண்ட் மவுண்ட் பண்ண ஃபோல்டர் மட்டும் வராது, அதை நீங்களே ஆர்சிங்க் (ஃபைல் காப்பி பண்ற கமாண்ட்) போட்டு அந்த பக்கம் அதே பாத்ல வெச்சுடணும். --ஆர்எம் போட்டு ஓட்டுன கன்டெய்னர்னா எக்ஸ்போர்ட் இல்லாம செக்பாயின்ட் எடுக்கவே விடாது, நின்னதும் அழிஞ்சிடும்ல, நியாயம்தான்.

டாரை எஸ்சிபி போட்டு புது மெஷினுக்கு காப்பி பண்ணி, அந்த பக்கம்:

சுடோ பாட்மேன் கன்டெய்னர் ரீஸ்டோர் --இம்போர்ட் /டெம்ப்/கவுண்டர்.டார்.இசட்எஸ்டி

பேஸ் இமேஜ் அங்க இல்லைன்னா ரெஜிஸ்ட்ரில (இமேஜ் கிடங்கு) இருந்து இழுத்துக்கும், அதனால லேட்டஸ்ட் டேக்ல ஓட்டுன கன்டெய்னரை நகர்த்தும்போது ஜாக்கிரதை, நடுவுல அந்த டேக் மாறியிருந்தா அடியில இருக்குற ஃபைல் வேற, மெமரில இருக்குற கோட் வேற. க்ரியு தொறந்த ஃபைலோட சைஸை சரி பாக்கும், மாறியிருந்தா பேட் சைஸ்னு கத்தி நிறுத்திடும். கத்துனது நல்லதுதான், கத்தாம ஓடியிருந்தா தான் ஆபத்து.

மெமரி பெருசா இருக்குற கன்டெய்னரை இப்படி நேரா நகர்த்துனா டவுன்டைம் ஜாஸ்தி ஆகும். அதுக்கு --ப்ரீ-செக்பாயின்ட் இருக்கு. கன்டெய்னர் ஓடிட்டு இருக்கும்போதே மெமரி முழுசையும் ஒரு தடவை டார் ஆக்கி எக்ஸ்போர்ட் பண்ணுங்க, அதை அந்த பக்கம் அனுப்பிட்டு, அப்புறம் --வித்-ப்ரீவியஸ் போட்டு ரெண்டாவது டார் எடுங்க, இதுல நடுவுல மாறுன பேஜ் மட்டும்தான் வரும், கெர்னல் சாஃப்ட்-டர்ட்டினு ஒரு பிட் வெச்சு எந்த பேஜ் மாறுச்சுன்னு குறிச்சு வெச்சிருக்கும். அந்த பக்கம் ரீஸ்டோர்ல --இம்போர்ட்-ப்ரீவியஸ்ல முதல் டார், --இம்போர்ட்ல ரெண்டாவது டார். எழுதிட்டே இருக்குற ஆப்புக்கு இதனால பெரிய லாபம் இல்ல, படிக்கிறது ஜாஸ்தி எழுதுறது கம்மினு இருக்குற கேஷ் மாதிரி ஆப்புக்கு அருமை.

வெளியுலகம் தான் வில்லன்

மெமரியை தூக்கிட்டு போறது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. வீடு மாத்தும்போது பீரோவும் கட்டிலும் வேன்ல ஏறிடும், கேஸ் கனெக்ஷனும் பால்காரர் கணக்கும் ஏறாதுல்ல, அதே கதை தான் இங்கயும்.

முதல்ல டிசிபி, அதாவது நெட்வொர்க் கனெக்ஷன். ஆப்ல ஓப்பனா ஒரு கனெக்ஷன் இருந்தாலே சாதாரண செக்பாயின்ட் முடியாதுனு சொல்லிடும், --டிசிபி-எஸ்டாப்ளிஷ்ட்னு வெளிப்படையா கேக்கணும், எடுக்கும்போதும் எழுப்பும்போதும் ரெண்டு தடவையும். க்ரியு அப்போ டிசிபி ரிப்பேர்னு ஒரு சாக்கெட் மோடை யூஸ் பண்ணி, சீக்வன்ஸ் நம்பர், கியூல கிடக்குற டேட்டா எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கும், நடுவுல அந்த பக்கம் இருந்து வர்ற பாக்கெட்டை ஃபயர்வால் ரூல் போட்டு தடுத்துடும், இல்லைன்னா இங்க சாக்கெட்டே இல்லைனு கெர்னல் ரீசெட் அனுப்பி கனெக்ஷனை கொன்னுடும். ஆனா ரெண்டு கண்டிஷன். எழுப்புற இடத்துல ஐபி அதேதா இருக்கணும். அப்புறம், எதிர் பக்கம் பொறுமையா இருக்கணும், அது டேட்டா அனுப்பி பதில் வரலைன்னா லினக்ஸ் டீஃபால்ட்ல 15 நிமிஷம் கிட்ட திரும்ப திரும்ப முயற்சி பண்ணிட்டு விட்டுடும், நடுவுல லோட் பேலன்சர் இருந்தா அதை விட சீக்கிரமே கழட்டி விட்டுடும்.

என் கருத்து, கனெக்ஷனை உயிரோட கொண்டு போக ரொம்ப மல்லுக்கட்டாதீங்க. உங்க ஆப் கனெக்ஷன் அறுந்தா திரும்ப கனெக்ட் பண்ற மாதிரி எழுதியிருந்தா, க்ரியுவோட டிசிபி-க்ளோஸ் ஆப்ஷனை வெச்சு எழும்போதே எல்லா கனெக்ஷனையும் மூடிட்டு வர்றது தான் நிம்மதி. அதை ஈடிசி ஃபோல்டர்ல க்ரியுன்னு இருக்குற ஃபோல்டருக்குள்ள உங்க ரன்டைம் (கன்டெய்னரை நேரடியா ஓட்டுற அடிமட்ட டூல்) பேர்ல, ரன்சினா ரன்சி டாட் கான்ஃப், சிரன்னா சிரன் டாட் கான்ஃப், ஒரு வரியா எழுதி வெச்சா க்ரியு தானா எடுத்துக்கும்.

அடுத்தது சிபியு, இதுல நிறைய பேர் எதிர்பார்க்காம மாட்டுவாங்க. புது மெஷின்ல ஸ்டார்ட் ஆன ப்ரோக்ராம், அந்த சிபியுல ஏவிஎக்ஸ்-512ங்கிற வேகமான இன்ஸ்ட்ரக்ஷன் வகை இருக்குன்னு பாத்ததும், ஜிலிப்சிங்கிற லினக்ஸ் சி லைப்ரரி அப்பவே மெமரி காப்பி பண்ற மெம்காப்பிக்கு அந்த வேகமான வெர்ஷனை பிடிச்சு வெச்சுக்கும். அது ஸ்டார்ட் ஆகும்போது ஒரே ஒரு தடவை எடுக்குற முடிவு, மெமரில பதிஞ்சு போச்சு. அதை அப்படியே தூக்கி ஏவிஎக்ஸ்-512 இல்லாத பழைய மெஷின்ல எழுப்புனா அடுத்த மெம்காப்பி கால்லயே இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன். க்ரியுல சிபியுஇன்ஃபோனு ஒரு சப்கமாண்ட் இருக்கு, மூல மெஷின்ல டம்ப் எடுத்து போற மெஷின்ல செக் பண்ணி பாத்துட்டு நகர்த்துங்க. க்ளஸ்டர்ல பழசும் புதுசும் கலந்து இருந்தா பழசுல ஸ்டார்ட் பண்ணி புதுசுக்கு நகர்த்துறது தான் பொதுவா பாதுகாப்பான திசை.

நேரம். கன்டெய்னர் ராத்திரி தூங்கி காலைல எழுந்தா அதுக்கு ஒரு நொடி தான் ஆச்சு, ஆனா கடிகாரம் எட்டு மணி நேரம் தாண்டியிருக்கும். ரெடிஸ்ங்கிற மெமரி டேட்டாபேஸ்ல டிடிஎல் (ஆயுள் காலம்) வெச்ச கீ எல்லாம் எப்போ சாகணும்னு முழு தேதி நேரமா தான் உள்ள எழுதி வெச்சிருக்கும், எழுந்ததும் நேத்து வெச்ச செஷன் கீ மொத்தமும் காலாவதி. கேஷ் சூடா இருக்கும்னு நம்பி செக்பாயின்ட் எடுத்தவங்களுக்கு கேஷே காலியா கிடைக்கும். லாகின் டோக்கன், க்ளவுட் க்ரெடென்ஷியல் எல்லாத்துக்கும் இதே கதி, எழுந்ததும் புதுசா வாங்கிக்கிற லாஜிக் ஆப்ல இருக்கணும்.

ஒரே செக்பாயின்ட்ல இருந்து பல காப்பி எழுப்பலாம், ரீஸ்டோர்ல --நேம் போட்டு வேற வேற பேர் கொடுத்தா போதும், அப்போ ஒவ்வொண்ணுக்கும் புது ஐபி கிடைக்கும், அதனாலயே --நேமையும் --டிசிபி-எஸ்டாப்ளிஷ்டையும் ஒண்ணா போட முடியாது. இதுல கவனிக்க வேண்டியது ரேண்டம் நம்பர். பைதானோட ரேண்டம் மாட்யூல் தன்னோட ஸ்டேட்டை மெமரில தான் வெச்சிருக்கு, அப்போ அஞ்சு காப்பி எழுப்புனா அஞ்சும் அச்சு அசலா ஒரே வரிசைல நம்பர் கொடுக்கும். கூப்பன் கோட், ஆர்டர் ஐடினு அதை வெச்சு எதாவது உருவாக்குனா டூப்ளிகேட் கியாரண்டி. கெர்னல்கிட்ட ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்குற யூரேண்டம் வகைக்கு இந்த பிரச்சனை இல்ல.

ஃபைல் பக்கம் ரெண்டு சின்ன விஷயம். தொறந்து வெச்சுக்கிட்டே டெலீட் பண்ண ஃபைலை க்ரியு கோஸ்ட் ஃபைல்னு சொல்லும், பேய் ஃபைல், டைரக்டரில பேரே இருக்காது ஆனா ப்ராசஸ் கைல பிடிச்சுட்டு இருக்கும். அதை டம்ப்புக்குள்ளயே சேர்த்து எடுத்துக்கும், ஆனா டீஃபால்ட்டா 1 எம்பி வரைக்கும் தான், பெருசா இருந்தா லிமிட்டை ஏத்துன்னு எரர் வரும், அதே கான்ஃப் ஃபைல்ல கோஸ்ட்-லிமிட்டை ஏத்தி விடுங்க. ஃபைல் லாக் பிடிச்சிருக்குற ஆப்னா --ஃபைல்-லாக்ஸ். டாக்கர் சாக்கெட்டை உள்ள மவுண்ட் பண்ணி அதோட பேசிட்டு இருக்குற கன்டெய்னர், ஐஓ-யூரிங் (கெர்னலோட வேகமான ஐஓ வசதி) யூஸ் பண்ற ஆப், இதெல்லாம் தொல்லை தரும், ஆரம்பத்துலயே லிஸ்ட்ல இருந்து கழிச்சுடுங்க.

ஜிபியு ரொம்ப நாளா நடக்காத காரியமா இருந்துச்சு. என்விடியா 2024ல குடா-செக்பாயின்ட்னு ஒரு டூல் விட்டாங்க, டிரைவர் 550ல இருந்து வேலை செய்யும், ஜிபியு மெமரியை ரேமுக்கு இறக்கி வெச்சுட்டு அப்புறம் க்ரியு வழக்கம் போல டம்ப் எடுக்கும், அதே வருஷம் வந்த க்ரியு 4.0ல இதுக்கு ப்ளகின் இருக்கு. ஏஎம்டிக்கு 3.17லயே வந்துடுச்சு.

டாக்கர்ல தான் பண்ணுவேன்னா

ஈடிசி டாக்கர் ஃபோல்டர்ல டீமன் டாட் ஜேசன்ல எக்ஸ்பெரிமென்டலை ட்ரூ ஆக்கி டீமனை ரீஸ்டார்ட் பண்ணுங்க. அப்புறம்:

டாக்கர் செக்பாயின்ட் க்ரியேட் கவுண்டர் சிபி1
டாக்கர் ஸ்டார்ட் --செக்பாயின்ட் சிபி1 கவுண்டர்

இங்க ரீஸ்டோர்னு தனி கமாண்ட் இல்ல, ஸ்டார்ட்லயே செக்பாயின்ட் பேர் கொடுக்கணும். அதே மெஷின்ல நிறுத்தி எழுப்ப ஓகே. வேற மெஷினுக்கு கொண்டு போக செக்பாயின்ட் டைரக்டரினு ஆப்ஷன் இருக்கு, எடுக்கும்போது வேலை செய்யும், ஸ்டார்ட் பண்ணும்போது சப்போர்ட் இல்லைனு கைய விரிக்கிற வெர்ஷன்கள் நிறைய. அதுக்கு மேல இதுல நேரம் செலவு பண்றதை விட பாட்மேனுக்கு மாறிடுங்க.

குபர்னெட்டிஸ்ல

இங்க இந்த வசதி வந்ததே ஃபாரன்சிக்ஸ்ங்கிற பேர்ல தான், யாரோ உள்ள புகுந்துட்டாங்கனு சந்தேகம் வந்தா அவங்களுக்கு தெரியாம கன்டெய்னரை பிரதி எடுத்து தனியா வெச்சு பரிசோதிக்கலாம்ங்கிற ஐடியா. 1.25ல ஆல்ஃபா, 2024ல 1.30ல பீட்டா, அப்போ இருந்து டீஃபால்ட்டாவே ஆன். ஆனா கண்டெய்னர் ரன்டைமும் ஒத்துக்கணும், க்ரை-ஓனா க்ரியு சப்போர்ட் கான்ஃபிக்ல ஆன்ல இருக்கணும், கன்டெய்னர்டினா 2.0 வேணும்.

கியூப்சிடிஎல்ல (குபர்னெட்டிஸோட கமாண்ட் டூல்) நேரா கமாண்ட் தேடாதீங்க. அந்த பாட் (கன்டெய்னர் தொகுதி) ஓடுற நோடுல (க்ளஸ்டர்ல ஒரு மெஷின்), அதை கவனிச்சுக்கிற குபெலெட்ங்கிற ப்ரோக்ராமோட 10250 போர்ட்டுக்கு ஒரு போஸ்ட் ரிக்வெஸ்ட், பாத்ல செக்பாயின்ட், அப்புறம் நேம்ஸ்பேஸ், பாட் பேர், கன்டெய்னர் பேர், இந்த வரிசைல ஸ்லாஷ் போட்டு. க்ளையன்ட் சர்டிஃபிகேட் கொடுத்து கர்ல் அடிச்சா போதும். டார் ஃபைல் அந்த நோடுலயே வார் லிப் குபெலெட் கீழ செக்பாயின்ட்ஸ் ஃபோல்டர்ல விழும்.

ரீஸ்டோருக்கு குபெலெட்ல ஏபிஐ இல்ல. சுத்து வழி என்னன்னா, பில்டாங்கிற இமேஜ் கட்டுற டூலை வெச்சு ஸ்க்ராட்ச்ல இருந்து ஒரு காலி இமேஜ் எடுத்து, அதுக்குள்ள இந்த டாரை ஆட் பண்ணி, இது செக்பாயின்ட் தான்னு க்ரை-ஓக்கு புரியுற அனோட்டேஷனை (அடையாள குறிப்பு) வெச்சு கமிட் பண்ணி ரெஜிஸ்ட்ரிக்கு புஷ் பண்ணணும். அப்புறம் பாட் யாமல்ல வழக்கமான இமேஜுக்கு பதிலா இந்த இமேஜ் பேரை கொடுத்தா, க்ரை-ஓ அனோட்டேஷனை பாத்து புதுசா ஸ்டார்ட் பண்ணாம ரீஸ்டோர் பண்ணும்.

புஷ் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த டார்ல கன்டெய்னரோட மொத்த மெமரியும் இருக்கு. டிஎல்எஸ் ப்ரைவேட் கீ, டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், அந்த நேரத்துல லாகின்ல இருந்த யூசரோட டீட்டெய்ல், எல்லாம் என்க்ரிப்ட் ஆகாம அப்படியே. நம்பிக்கை வரலைன்னா உங்க டெஸ்ட் ஆப்ல தெரிஞ்ச ஒரு பாஸ்வேர்டை வெச்சு செக்பாயின்ட் எடுத்து, டாரை பிரிச்சு பேஜஸ்னு ஆரம்பிக்கிற ஃபைல்ல ஸ்ட்ரிங்ஸ் போட்டு க்ரெப் பண்ணி (அந்த வார்த்தையை தேடி) பாருங்க, பளிச்சுனு தெரியும். அதனால பப்ளிக் ரெஜிஸ்ட்ரிக்கு தப்பித்தவறி கூட போகக் கூடாது, டீம்ல எல்லாருக்கும் தொறந்து கிடக்குற ஷேர்ட் ஃபோல்டர்லயும் வைக்கக் கூடாது. உள்ள என்ன இருக்குன்னு ஒழுங்கா பாக்க செக்பாயின்ட்சிடிஎல்னு ஒரு டூல் இருக்கு, ப்ராசஸ் மரம், ஃபைல், சாக்கெட் எல்லாம் அழகா காட்டும், மெமரிக்குள்ள தேடவும் வசதி உண்டு.

எரர் வந்தா

டெர்மினல்ல வர்ற மெசேஜ் பெரும்பாலும் ஒண்ணுத்துக்கும் ஆகாது, க்ரியு ஃபெயில்டு, இந்த லாக் ஃபைலை பாருன்னு தான் இருக்கும். அந்த பாத்தை காப்பி பண்ணி நேரா அதை தொறங்க. பாட்மேன்னா ஓவர்லே-கன்டெய்னர்ஸ் ஃபோல்டர்ல கன்டெய்னர் ஐடிக்கு கீழ யூசர்டேட்டால டம்ப் டாட் லாக், ரீஸ்டோர் டாட் லாக்னு ரெண்டும் கிடக்கும். செக்பாயின்ட் ஃபெயில் ஆனா லாக் அழியாது, நல்லா முடிஞ்ச தடவையும் லாக் வேணும்னா --கீப் போடணும்.

லாக் ஆயிரக்கணக்கான வரி இருக்கும், மேல இருந்து படிக்காதீங்க. எரர்ங்கிற வார்த்தையை க்ரெப் பண்ணி, வர்றதுல முதல் வரியை எடுத்துக்கோங்க, கடைசி வரி இல்ல. கடைசில டம்ப்பிங் ஃபெயில்டுனு வர்றது விளைவு, முதல்ல வர்ற எரர் தான் காரணம், அதுல பெரும்பாலும் பிஐடியும் ஃபைல் டிஸ்கிரிப்டர் நம்பரும் இருக்கும், அதை வெச்சு ப்ராக்ல போய் பாத்தா எந்த சாக்கெட், எந்த ஃபைல் தகராறு பண்ணுதுன்னு தெரிஞ்சிடும்.

குபெலெட் எழுதுன டார் ஃபைலை அது தானா அழிக்காது. க்ரான் போட்டு (நேரம் வெச்சு தானா) எடுக்குறவங்க பழசை அழிக்கவும் சேர்த்தே ஒரு வரி எழுதி வெச்சுடுங்க, இல்லைன்னா நோடு டிஸ்க் நிறைஞ்சு, டிஸ்க் ப்ரெஷர்னு சொல்லி குபெலெட் பாட் எல்லாத்தையும் வெளிய தள்ள ஆரம்பிச்சுடும்.